ஒரு பள்ளி, பல வழக்கங்கள்: ரங்கூன் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு மஹல்லாவில் (ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பில்) கருத்து வேறுபாடு முற்றினால், பிரிந்து போகிறவர்கள் அடுத்த தெருவில் ஓர் இடத்தைப் பிடித்துக் கொட்டகை போட்டுத் தொழத் தொடங்கிவிடுவார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கொட்டகை மாடிக் கட்டடமாகவும் எழுந்துவிடும். ரங்கூனில் அந்த வழி நமக்கு இல்லை. புதிதாகப் பள்ளிவாசல் கட்டுவதற்கு அனுமதி கிடைப்பது பல பத்தாண்டுகளாக அரிதாகிவிட்டது. பழைய பள்ளியின் கூரையைப் பழுது பார்ப்பதற்கே மனுவோடு அலைய வேண்டியிருக்கிறது. 2017 ஏப்ரலில் ரங்கூனின் தக்கேட்டா பகுதியில் ஒரு கூட்டத்தின் எதிர்ப்புக்குப் பிறகு இரண்டு மதரஸாக்கள் மூடப்பட்டதையும், அவற்றில் தொழுது வந்தவர்கள் நோன்பு மாதத்தில் தெருவில் தொழ நேர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. எனவே நம் பாட்டன்மார் கட்டி வைத்துவிட்டுப் போன பள்ளிகளுக்குள்ளேயே, ஹனஃபி, ஷாஃபிஈ என்ற இரு மத்ஹபுகளை (மார்க்கச் சட்ட வழிகளை) பின்பற்றுகிறவர்களும், மவ்லிது என்ற புகழ்ப்பாடல் ஓதுகிறவரும் அதை பித்அத் (மார்க்கத்தில் புதிதாகப் புகுந்தது) என்கிறவரும், தப்லீக் என்ற பிரச்சாரப் பயணம் போகிறவரும் போகாதவரும் தோளோடு தோள் நின்று தொழுதாக வேண்டும்.

இந்த வழிகாட்டி, அந்த நிலையில் ஜமாஅத் பொறுப்பை ஏற்றிருக்கிறவர்களுக்காக எழுதப்படுகிறது. நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்லன். நெடுங்காலம் ஒரு ஜமாஅத்தின் கணக்கையும் தஃப்தரையும் (பதிவேட்டையும்) பார்த்தவன். மார்க்கச் சட்டம் பற்றி இங்கே வருகிற ஒவ்வொன்றையும் உங்கள் பள்ளியின் ஆலிமிடம் ஒரு முறை உறுதி செய்துகொண்ட பிறகே நடைமுறைப்படுத்துங்கள்.

முதலில் யார் யார் தொழுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மொழிக்காரரும் ஊர்க்காரரும் தமக்கென்று பள்ளி வைத்துக்கொள்ள முடிந்தது. அதன் அடையாளம் இன்றும் நகரின் நடுவே நிற்கிறது: போ சுன் பாட் தெருவில் தமிழ் முஸ்லிம்களின் சூலியா ஜாமிஆ பள்ளி, சுவே போன் தா தெருவில் சூரத்திக்காரர்களின் சுன்னி ஜாமிஆ பள்ளி, சூலே பகோடாவுக்கு அருகில் வங்காளிகளின் பள்ளி, 30-ஆம் தெருவில் மொகலாய ஷியா பள்ளி. நடந்தே நான்கையும் சுற்றி வந்துவிடலாம். 1942-இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சி நடந்து போனவர்களும், 1964-இல் கடைகள் அரசுடைமையான பிறகு கப்பலேறியவர்களும் திரும்பவில்லை. ஆட்கள் குறைந்தார்கள், கட்டடங்கள் அப்படியே நின்றன. ஆகவே இன்று ஒரு பள்ளியின் பெயர்ப்பலகையில் இருக்கிற அடையாளத்தை வைத்து உள்ளே நிற்கிறவர்களை எடைபோட முடியாது.

தமிழர் நடுவிலும் ஒரே வழக்கம் கிடையாது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் மரைக்காயர் வழிவந்தவர்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். உள்நாட்டு ஊர்களின் ராவுத்தர் வழிவந்தவர்கள் ஹனஃபிகள். இரண்டு தலைமுறையாகப் பர்மியப் பெண்களை மணந்து, வீட்டில் பர்மிய மொழியே பேசி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாம் எந்த மத்ஹபு என்பதே தெரியாமல் இருப்பதும் உண்டு. 1980-களிலிருந்து தமிழகத்தில் பரவிய, மவ்லிது, தர்கா வழக்கங்களை மறுக்கிற தவ்ஹீத் பிரச்சாரம் முதலில் ஒலிநாடாவாகவும், பிறகு குறுந்தட்டாகவும், இப்போது கைப்பேசி வழியாகவும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை கடைசி வரிசையில் நின்று முன்வரிசைகளைப் பாருங்கள்: கையை நெஞ்சில் கட்டியவர், தொப்புளுக்குக் கீழே கட்டியவர், ருகூவுக்கு (குனியும் நிலைக்கு) போகும்போது கையை உயர்த்துகிறவர், உயர்த்தாதவர் என்று எத்தனை பேர் என்பதைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் எந்தத் தீர்மானமும் எழுதாதீர்கள்.

இருவருக்கும் செல்லுபடியாகிற வடிவத்தைத் தேடுங்கள்

வேறுபாட்டைக் கையாள்வதற்கு இரண்டு தவறான வழிகள் எளிதில் தோன்றும். பெரும்பான்மையின் வழக்கமே சட்டம் என்று அறிவிப்பது ஒன்று. அவரவர் விருப்பம் என்று கைகழுவிவிடுவது மற்றொன்று. முன்னதால் ஆட்கள் வருவதை நிறுத்துவார்கள்; பின்னதால் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் வாசலில் விவாதம் நடக்கும். ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களிலேயே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: கருத்து வேறுபாட்டிலிருந்து வெளியேறி நிற்பது விரும்பத்தக்கது என்பது அந்த விதி. ஒருவருக்குச் சிறந்ததாகவும் மற்றவருக்குச் செல்லாததாகவும் உள்ள வடிவத்தை விட்டுவிட்டு, இருவருக்குமே செல்லுபடியாகிற வடிவத்தை எடுத்துக்கொள்வதுதான் அதன் நடைமுறைப் பொருள். இது யாருடைய மத்ஹபையும் கரைப்பதாகாது.

பிற்பகலில் தொழும் அஸர் தொழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழலைக் கழித்து, அதன் உயரத்துக்குச் சமமானதும் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர் தொடங்கிவிடுகிறது. ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி நிழல் இருமடங்காக வேண்டும். ரங்கூனில் இந்த இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேர இடைவெளி வரும். கூட்டுத் தொழுகையைப் பிந்திய நேரத்துக்கு வைத்தால் இருவருக்குமே தொழுகை கூடிவிடும். முந்திய நேரத்துக்கு வைத்தால் ஹனஃபிகளில் ஒரு பகுதியினருக்கு மனக்குறை தங்கும். ஷாஃபிஈகள் இழப்பது முதல் நேரத்தின் சிறப்பை மட்டும்தான். அதை அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை நிர்வாகம் வாய்திறந்து சொல்ல வேண்டும். பெரும்பாலான மனத்தாங்கல்கள் விட்டுக்கொடுத்ததால் வருவதில்லை, விட்டுக்கொடுத்ததை யாரும் கவனிக்காததால் வருகின்றன.

ரமலானில், இரவுத் தொழுகையை ஒற்றைப்படையில் முடிக்கிற வித்ரும் அப்படியே. மூன்று ரக்அத்தை (தொழுகைச் சுற்றை) ஒரே ஸலாமில் முடிப்பது ஹனஃபி வழக்கம். இரண்டில் ஸலாம் கொடுத்துவிட்டு ஒன்றைத் தனியாகத் தொழுவது ஷாஃபிஈகளுக்குச் சிறந்தது. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில் மூன்றையும் சேர்த்துத் தொழுவதும் செல்லும், ஹனஃபிகளில் பலர் நடுவில் ஸலாம் கொடுக்கிற இமாமைப் பின்பற்றுவதை ஏற்பதில்லை. எனவே சேர்த்துத் தொழுவதே பொது வடிவமாகிறது. ஸதக்கத்துல் ஃபித்ர் என்ற நோன்புப் பெருநாள் தர்மத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். ஹனஃபிகள் பணமாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். ஷாஃபிஈகள் ஊரின் உணவுத் தானியத்தையே கொடுக்க வேண்டும் என்கிறார்கள். நமக்கு அது அரிசி. இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டியும் தனித்தனிப் பேரேடும் வைத்து, அரிசியாக வந்ததை அரிசியாகவே ஏழைகளிடம் சேர்த்துவிட்டால் பிரச்சினை அன்றே முடிந்துவிடும். அரிசியை விற்றுப் பணமாக்கிப் பொதுக் கணக்கில் சேர்த்ததால் ஒரு பெருநாள் முழுவதும் கசந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

இமாமைத் தேர்வு செய்யும்போதும் குரல் வளத்தைவிட இந்தப் பேணுதலைப் பாருங்கள். இரத்தம் வடிந்தால் ஹனஃபிகளிடம் ஒளு (தொழுகைக்கு முன் செய்யும் கழுவல்) முறியும்; மனைவியின் கை பட்டால் ஷாஃபிஈகளிடம் முறியும். ஒளுவில் தலையின் சிறு பகுதியைத் தடவினாலே ஷாஃபிஈக்குப் போதும். ஹனஃபிக்குக் கால்பகுதி வேண்டும். பலதரப்பட்டவர்களுக்கு முன்னால் நிற்கிற இமாம், இந்த எல்லாச் சந்தர்ப்பங்களிலும் ஒளுவைப் புதுப்பித்துக்கொண்டு, தலை முழுவதையும் தடவிக்கொண்டு வந்து நிற்பாரானால், பின்னால் நிற்கிற எவருக்கும் ஐயம் எழாது. குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி முடித்து ஆமீன் சொன்னதும் சற்று நேரம் அமைதியாக நின்றால், பின்னால் ஃபாத்திஹா ஓதியே ஆக வேண்டிய ஷாஃபிஈகள் ஓதிக்கொள்வார்கள். அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீளலாம் என்பதை ஹனஃபி ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். நேர்காணலில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். "அதெல்லாம் எனக்குத் தேவையில்லை, நான் சரியாகத்தான் தொழ வைக்கிறேன்" என்று பதில் சொல்கிறவர் எவ்வளவு பெரிய பட்டம் வைத்திருந்தாலும் நம் ஊருக்கு ஏற்றவர் அல்லர்.

பொது வடிவம் இல்லாத இடங்கள்

சுபுஹில் (அதிகாலைத் தொழுகையில்) குனூத் என்ற வேண்டுதலை ஓதுவதா இல்லையா என்பதற்குப் பொது வடிவம் கிடையாது. அங்கே இமாமின் மத்ஹபு எதுவோ அதுவே நடக்கும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது நல்லது. இமாம் ஓதினால் ஹனஃபிகள் கையைத் தொங்கவிட்டு மௌனமாக நிற்கலாம். ஓதாவிட்டால் ஷாஃபிஈகள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவர்களுடைய நூல்களிலேயே வழி இருக்கிறது. பெருநாள் தொழுகையின் கூடுதல் தக்பீர்கள் (‘அல்லாஹு அக்பர்’ என்று சொல்வது) ஹனஃபிகளிடம் ஆறு. ஷாஃபிஈகளிடம் முதல் ரக்அத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து. ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டுமே வருகிறவர்கள் நிறைந்திருக்கிற அந்தக் கூட்டத்தில், தக்பீர் கட்டுவதற்கு முன் ஒலிபெருக்கியில் தமிழிலும் பர்மிய மொழியிலும் ஒரு நிமிடம் விளக்கிவிடுங்கள். அறிவிப்பு இல்லாவிட்டால் பாதிப் பேர் ருகூவிலும் பாதிப் பேர் நிலையிலும் இருப்பார்கள், பிறகு பிரியாணி ஆறும் வரை வாக்குவாதம் நடக்கும்.

ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா என்பதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் இருபது தொழுகிறவன். ஆனால் எட்டு தொழுதுவிட்டு எழுந்து போகிறவரைப் பார்த்து முணுமுணுப்பவர்கள், தாம் பன்னிரண்டாவதில் தூங்கி விழுவதை மறந்துவிடுகிறார்கள். எட்டோடு போக விரும்புகிறவர்களுக்கு வாசலை ஒட்டிய பின்வரிசைகளை ஒதுக்குங்கள். எட்டாவது ரக்அத்துக்குப் பிறகு வழக்கமான இடைவேளையை இரண்டு நிமிடம் நீட்டுங்கள். அவர்கள் எழுந்து போகட்டும், வித்ரை வீட்டில் தொழுதுகொள்ளட்டும். இதற்கு மேல் அந்த விஷயத்தில் நிர்வாகம் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

இந்த இடத்தில் என் தவற்றையும் சொல்ல வேண்டும். நான் செயலாளராக இருந்த ஒரு ரமலானில், ஆமீனை உரக்கச் சொன்ன இளைஞன் ஒருவனை, தொழுகை முடிந்த கையோடு நான்கு பேர் முன்னிலையில் அழைத்து, "இங்கே இந்த வழக்கம் கிடையாது, உனக்கு வேண்டுமானால் வேறு பள்ளி பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டேன். வேறு பள்ளி எங்கே இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது. இரண்டு ஆண்டுகள் அவன் வரவில்லை. பிறகு அவனுடைய நன்னியின் (பாட்டியின்) மையத்துக்குக் கஃபன் துணியும் சந்தூக்கும் (சடலம் சுமக்கும் பெட்டியும்) கேட்டு அலுவலகத்துக்கு வந்தவன், என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். உரக்க ஆமீன் சொல்வது ஷாஃபிஈ மத்ஹபின் வழக்கம்தான் என்பதும், அவன் குடும்பமே கடற்கரை ஊரின் ஷாஃபிஈக் குடும்பம் என்பதும் எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. பிள்ளையைத் தவ்ஹீத்காரன் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். அன்றிலிருந்து, தொழுகையில் ஒருவர் செய்கிற எந்தச் செயலைப் பற்றியும் தொழுகை நடந்த இடத்தில் வைத்துப் பேசுவதில்லை என்பதை விதியாக்கிக்கொண்டேன். அலுவலகத்தில், தனியாக, மறுநாள், அதுவும் ஆலிமிடம் கேட்ட பிறகு பேசுங்கள்.

மவ்லிது, ஃபாத்திஹா, ஸியாரத்

இதுவரை சொன்னவை மத்ஹபு வேறுபாடுகள். இரு தரப்பும் மற்றவரின் தொழுகையைச் சரியென்றே ஒப்புக்கொள்கிறவை. அடுத்து வருவது கடினமானது, ஏனெனில் ஒரு தரப்பு நபிநேசம் என்று கருதுவதை மறுதரப்பு வழிகேடு என்று கருதுகிறது. ரபீஉல் அவ்வலில் பன்னிரண்டு நாள் சுப்ஹான மவ்லிது ஓதுவதும், ரபீஉல் ஆகிரில் முஹ்யித்தீன் மவ்லிது ஓதி நேர்ச்சைச் சோறு கொடுப்பதும் நம் பெரியவர்கள் ரங்கூனுக்குக் கொண்டுவந்த வழக்கங்கள். அவற்றை ஒழிக்க வேண்டும் என்று ஒருவரும், ஓதாதவன் சுன்னத் ஜமாஅத்தே அல்லன் என்று இன்னொருவரும் கிளம்பும்போது, இணக்கமாகப் போங்கள் என்ற பொது உபதேசம் எதற்கும் உதவாது. இடம், நேரம், பணம் என்ற மூன்றையும் பிரித்து வைப்பதுதான் உதவும். மவ்லிது மஜ்லிஸைத் தொழுகைக் கூடத்தில் அல்லாமல் மாடியிலோ பக்க மண்டபத்திலோ வையுங்கள். ஃபர்ளு (கட்டாய) தொழுகை முடிந்து சுன்னத்து (கூடுதல்) தொழுகிறவர்கள் முடித்த பிறகே தொடங்குங்கள். செலவைப் பொதுநிதியிலிருந்து எடுக்காமல், விரும்புகிறவர்களிடம் தனியாக வசூலித்துத் தனி ரசீது கொடுங்கள். தன் சந்தாப் பணம் தனக்கு உடன்பாடில்லாத காரியத்துக்குப் போகவில்லை என்று தெரிந்தாலே எதிர்ப்பின் பாதிச் சூடு தணிந்துவிடுகிறது.

ஸியாரத்திலும் (அடக்கத்தலங்களுக்குப் போவதிலும்) அதே அளவுகோல் போதும். சுவேடகோனுக்கு அருகில் பஹதூர் ஷா ஜஃபரின் தர்கா இருக்கிறது. 1858-இல் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862 நவம்பர் 7-ஆம் நாள் இங்கேயே இறந்த அந்தக் கடைசி மொகலாயப் பேரரசரின் கபர், 1991-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அங்கே துஆ கேட்கிறவரும், ஒரு வரலாற்று மனிதருக்கு ஸலாம் சொல்லிவிட்டு வருகிறவரும், போகவே போகாதவரும் நம் ஜமாஅத்தில் இருக்கிறார்கள். ஜமாஅத்தின் பெயரில் பேருந்து அமர்த்தாதீர்கள், போகிறவரைத் தடுக்கவும் செய்யாதீர்கள்.

விருந்து வைக்கும்போது சிறிது கவனம் வேண்டும். ஹனஃபிகள் நண்டு சாப்பிடுவதில்லை, இறாலில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. ஷாஃபிஈகளுக்கு இரண்டும் ஆகும். இறாலில் செய்த ஙாப்பி என்ற விழுது இல்லாமல் பலருக்குச் சோறு இறங்காத ஊரில் இதை முழுமையாகப் பேணுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கந்தூரிச் சட்டியில் ஆட்டுக்கறியோடு நிறுத்திக்கொள்வது எளிது.

பிறை

இரண்டு பெருநாள் வருவதைப் போல ஒரு குடும்பத்தைப் பிளப்பது வேறொன்றுமில்லை. சவூதி அறிவிப்பைப் பின்பற்றுகிற மகன் ஒரு நாளும், உள்நாட்டு அறிவிப்பைப் பின்பற்றுகிற வாப்பா மறுநாளும் பெருநாள் கொண்டாடினால், ஒரே வீட்டில் ஒருவர் நோன்பிருக்க மற்றவர் புத்தாடை உடுத்தியிருப்பார். இது இன்று பிறந்த வேறுபாடு அன்று. குரைப் என்பவர் ஷாம் நாட்டில் வெள்ளி இரவு பிறை பார்த்துவிட்டு மதீனாவுக்கு வந்து சொன்னபோது, நாங்கள் சனி இரவுதான் பார்த்தோம், எங்கள் பிறைப்படியே நடப்போம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) பதிலளித்த செய்தி முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. தொலைவான ஊர்களுக்குத் தனித்தனிப் பிறை என்கிற ஷாஃபிஈகளின் கருத்துக்கு இது ஆதாரம். ஓரிடத்தில் பார்த்த பிறை எல்லோருக்கும் பொருந்தும் என்ற கருத்து ஹனஃபி நூல்களில் வலுவாக உண்டு. இரண்டுக்கும் ஆதாரம் இருப்பதால் விவாதத்தால் இது தீராது. நீங்கள் நோன்பு நோற்கும் நாளே நோன்பு, நீங்கள் நோன்பை விடும் நாளே பெருநாள் என்ற திர்மிதியின் நபிமொழியை அடிப்படையாக வைத்து, நாட்டளவிலான அறிவிப்பையே ஜமாஅத் பின்பற்றும் என்று ஷஃபான் மாதத்திலேயே தீர்மானம் எழுதிவிடுங்கள். முப்பதாம் இரவில் எழுதப்படுகிற தீர்மானத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

மையத்தும் நிக்காஹும்

சந்தா பாக்கிக்காகவோ கொள்கை மாறுபாட்டுக்காகவோ கபர்ஸ்தானில் இடம் மறுக்கக் கூடாது. தமிழகத்தின் சில ஊர்களில் மையத்தை வைத்துக்கொண்டு இரு தரப்பும் மல்லுக்கட்டி, காவல்துறை வந்து அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று என்ற செய்திகளை நாம் படித்திருக்கிறோம். இங்கே அப்படி அதிகாரிகளை அழைக்க நேர்ந்தால் அந்தக் கபர்ஸ்தானின் எதிர்காலமே கேள்விக்குறியாகும். ஜனாஸாத் தொழுகையை யார் நடத்துவது என்பதில் மையத்தின் வலீ (பொறுப்புள்ள நெருங்கிய உறவினர்) விரும்புகிறவரே நடத்தட்டும். அடக்கிய பின் கபருக்கருகே தல்கீன் ஓதுவது, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஆகியவற்றையும் குடும்பமே முடிவு செய்யட்டும். ஜமாஅத்தின் பொறுப்பு குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, அடக்குவதோடு நிற்கிறது.

2025 மார்ச் 28-ஆம் நாள், ரமலானின் கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரத்தில் மண்டலேயையும் சகாயிங்கையும் நிலநடுக்கம் உலுக்கியபோது, பழுது பார்க்கப்படாமல் நின்ற பல பழைய பள்ளிகள் தொழுதுகொண்டிருந்தவர்கள் மேலேயே இடிந்து விழுந்தன. அந்த நாட்களில் நிவாரணம் திரட்டி அனுப்பிய ஜமாஅத்துகளுக்கு ஒரு பாடம் புரிந்திருக்கும்: பெயர்ப்பட்டியல் ஒன்றாக இருந்த இடங்களில் உதவி விரைவாகப் போய்ச் சேரும், குழுவுக்கு ஒரு பட்டியல் இருந்தால் ஒரே குடும்பம் மூன்று பட்டியலிலும் இன்னொரு குடும்பம் எதிலும் இல்லாமலும் போகும். நிவாரணத்துக்கும் ஜகாத்துக்கும் மஹல்லா முழுவதற்கும் ஒரே பட்டியலை இப்போதே தயாரித்து வையுங்கள், அதில் மத்ஹபுக்கும் இயக்கத்துக்கும் கட்டம் போடாதீர்கள்.

நிக்காஹில் ஒரே ஒரு குறிப்பு: பருவமடைந்த பெண் தானே மணம் முடிக்கலாம் என்று ஹனஃபி மத்ஹபு சொன்னாலும் ஷாஃபிஈகளிடம் வலீ இல்லாமல் நிக்காஹ் கூடாது, எனவே எல்லா நிக்காஹிலும் வலீயின் ஒப்புதலைத் தஃப்தரில் எழுதி வாங்குங்கள்.

ஷியாக்கள் வந்தால்

30-ஆம் தெருப் பள்ளிக்காரர் ஒருவர் வேலை நிமித்தம் நம் பள்ளிக்கு வந்து, கையைத் தொங்கவிட்டு நின்று, மண்கட்டியின் மேல் நெற்றியை வைத்துத் தொழுதால், பையன்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பெரியவர்கள் பார்க்கக் கூடாது. 2005 ஜூலையில் அம்மானில் 50-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து கூடிய சுமார் 200 அறிஞர்கள், சுன்னிகளின் நான்கு மத்ஹபுகளோடு ஷியாக்களின் ஜஅஃபரி, ஸைதி மத்ஹபுகளையும், இபாழி, ளாஹிரி வழிகளையும் ஏற்று, இவற்றைப் பின்பற்றுகிற எவரையும் காஃபிர் என்று சொல்லக் கூடாது என்று அறிவித்திருக்கிறார்கள். ஸஹாபாக்களை (நபித்தோழர்களை) பற்றிய வேறுபாடு இதனால் மறைந்துவிடாது. அதை மறைக்கவும் வேண்டாம். அது ஆலிம்களின் மஜ்லிஸுக்குரியது, ஒளுச் செய்கிற ஹவ்ளுக்கரைக்குரியது அன்று. முஹர்ரம் பத்து நாட்களில் மிம்பரிலிருந்து (உரை மேடையிலிருந்து) அவர்களைச் சாடுகிற பயானுக்கு (உரைக்கு) இடம் கொடுக்காதீர்கள்.

ஃபத்வாவுக்கு முன் பேரேடு

என் அனுபவத்தில், அகீதா (நம்பிக்கைக் கொள்கை) என்ற பெயரில் ஜமாஅத் அலுவலகத்துக்கு வருகிற சண்டைகளில் பாதியளவாவது அகீதாச் சண்டைகளே அல்ல. வக்ஃபுக் கடைகளின் வாடகை யார் கையில் இருக்கிறது, எந்த ஊர்க்காரர் முத்தவல்லி (வக்ஃபு நிர்வாகி) ஆவது, யாருடைய மருமகனுக்கு மதரஸா வேலை கிடைத்தது என்பவையே அடியில் ஓடுகின்றன; மேலே மட்டும் குனூத்தும் மவ்லிதும் பேசப்படுகின்றன. எனவே ஒரு தரப்பு ஃபத்வாவோடு வந்தால், நீங்கள் பேரேட்டோடு உட்காருங்கள். கடந்த மூன்று ஆண்டுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்களா, வாடகை ஒப்பந்தங்களை உறுப்பினர் எவரும் பார்க்க முடியுமா, நிர்வாகக் குழுவில் ஒரே குடும்பத்தார் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கு முதலில் பதில் எழுதுங்கள். அந்தப் பதில்கள் வெளியானதும் சில மார்க்கப் பிரச்சினைகள் தாமாகவே காணாமல் போவதைப் பார்ப்பீர்கள். நபியவர்களின் காலத்தில் பிளவுக்கென்றே கட்டப்பட்ட ளிரார் பள்ளியைப் பற்றிக் குர்ஆனின் ஒன்பதாவது அத்தியாயத்தின் 107-ஆம் வசனம் பேசுவதை, எதிர்த்தரப்பைத் திட்டுவதற்கு மட்டும் ஓதுகிறவர்கள் தம் நிர்வாகத்துக்கும் ஒருமுறை ஓதிப் பார்க்கலாம்.

பயான் மொழியும் இப்படி அடியில் ஓடுகிற பிரச்சினைதான். தமிழ் பயான் புரியாத பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் வேறு எவருடைய பயானையோ கேட்கிறார்கள், பிறகு பாட்டனோடு மோதுகிறார்கள். ஜும்ஆவுக்கு முன் பதினைந்து நிமிடம் தமிழிலும் பதினைந்து நிமிடம் பர்மிய மொழியிலும் பேசச் செய்யுங்கள். குத்பாவை (ஜும்ஆவின் முறையான உரையை) இரு மத்ஹபின் நிபந்தனைகளும் நிறைவேறுமாறு அரபியில் சுருக்கமாக வையுங்கள். தமிழ் அழிந்துவிடும் என்று வருந்துகிற பெரியவர்களின் வருத்தம் நியாயமானது; அதற்கு மாலை மதரஸாவில் தமிழ் வகுப்பு நடத்துவது பொருத்தம்.

தமிழக மேடைகளின் காணொளிகள் ஜமாஅத்தின் வைபர் குழுவில் வரும்போது, 49-ஆவது அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் சொல்கிறபடி செய்தியை உறுதி செய்யுங்கள், 11-ஆம் வசனம் சொல்கிறபடி பட்டப்பெயரைத் தடுங்கள். ‘கப்ரு வணங்கி’, ‘வஹ்ஹாபி’, ‘நஜ்தி’ என்ற சொற்களை எழுதுகிறவருக்கு ஒருமுறை எச்சரிக்கை, மறுமுறை ஒரு மாதம் நீக்கம் என்று குழுவின் விதியிலேயே எழுதிவிடுங்கள். அங்கே ஒரு தேர்தலுக்காகவோ ஓர் இயக்கம் உடைந்ததற்காகவோ எழுந்த சண்டைக்கு இங்கே வேலை இல்லை.

மிக முக்கியமாக, எந்தத் தரப்பும் மறுதரப்பைப் பற்றி வட்டார நிர்வாக அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ மனுக் கொடுக்காது என்று இரு தரப்பிடமும் கையொப்பம் வாங்குங்கள். அடிதடி, கையாடல், பிள்ளைகளுக்குக் கொடுமை போன்ற குற்றங்களுக்கு இது பொருந்தாது. அவற்றை மறைப்பது ஒற்றுமை ஆகாது. ஆனால் "இவர்கள் தீவிரவாதிகள்" என்று ஒரு தவ்ஹீத் இளைஞனைப் பற்றியோ, "இவர்கள் அனுமதியில்லாமல் கூட்டம் நடத்துகிறார்கள்" என்று ஒரு மவ்லிது மஜ்லிஸைப் பற்றியோ எழுதுகிற மனு, எழுதியவரின் பள்ளியையும் சேர்த்தே மூடக்கூடும். முஸ்லிம்களுக்கு எதிரான 1938 கலவரத்திலும் 2013 மார்ச்சில் மெய்த்திலா நகரிலும் கடைகளைக் கொளுத்தியவர்கள் உள்ளே இருப்பவர் கையை எங்கே கட்டித் தொழுகிறார் என்று விசாரிக்கவில்லை.

முன்னோர் காட்டிய அளவு

இவ்வளவு விட்டுக்கொடுப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டா என்று கேட்கிறவர்கள் வருவார்கள். அவர்களிடம் சொல்ல மூன்று செய்திகளை வைத்துக்கொள்ளுங்கள். பனூ குறைளா குலத்தாரிடம் போய்ச் சேர்ந்த பிறகே அஸர் தொழுங்கள் என்று நபியவர்கள் அனுப்பிய தோழர்களில், நேரம் தவறிவிடுமென்று வழியிலேயே தொழுதவர்களையும், சொல்லை அப்படியே எடுத்துப் பிந்தித் தொழுதவர்களையும் நபியவர்கள் கண்டிக்கவில்லை என்று புகாரி சொல்கிறது. ஹஜ்ஜின்போது மினாவில் கலீஃபா உஸ்மான் (ரலி) இரண்டாகச் சுருக்காமல் நான்கு ரக்அத் தொழ வைத்ததை ஏற்காத இப்னு மஸ்ஊத் (ரலி), அவருக்குப் பின்னால் நான்கே தொழுதார். ஏன் என்று கேட்டபோது, மாறுபடுவது தீங்கானது என்றார் என்று அபூதாவூதில் இருக்கிறது. இமாம் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபின் இமாமான அபூஹனீஃபாவின் கபருக்கு அருகில் சுபுஹ் தொழுதபோது அவருக்கு மதிப்பளித்துக் குனூத்தை விட்டார் என்றும் ஒரு செய்தி உண்டு. கஅபாவைச் சுற்றியே பல நூற்றாண்டுகள் நான்கு மத்ஹபுக்கும் நான்கு தனி இமாம்கள் நின்று தொழ வைத்து, 1920-களில் சவூதி ஆட்சி வந்த பிறகுதான் ஒரே இமாமின் பின் தொழுவது நிலையாயிற்று என்பதையும் சொல்லுங்கள். ஒற்றுமை அங்கேயும் தானாக வந்துவிடவில்லை.

தாளை எழுதி மாட்டுங்கள்

மேலே சொன்னவற்றில் உங்கள் பள்ளிக்குப் பொருந்துகிறவற்றை ஒரே தாளில் எழுதுங்கள்: தொழுகை நேரங்கள், இமாமின் மத்ஹபு, தராவீஹ் ஏற்பாடு, பிறைத் தீர்மானம், மண்டபம் யாருக்கு எப்போது, முறையீடு யாரிடம். தமிழில் ஒரு பக்கம், பர்மிய மொழியில் ஒரு பக்கம். ஹனஃபி, ஷாஃபிஈ ஆலிம்கள் இருவரும், தவ்ஹீத் தரப்பிலிருந்து ஒருவரும், நாற்பது வயதுக்குக் குறைந்த ஒருவரும் கையொப்பமிட வேண்டும். பெண்கள் தொழ வருகிற பள்ளியானால் அவர்களில் ஒருவரிடமும் தாளைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். எங்கள் தாளில் அப்படிக் கேட்ட பிறகுதான், மாடிப்படிக்கு விளக்கு இல்லை என்பதே எங்களுக்குத் தெரிந்தது. தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துச் சுவரில் பதித்துவிடாதீர்கள், ஆணியில் மாட்டுங்கள். ஒவ்வொரு ஷஃபானிலும் அதைக் கழற்றி, அந்த ஆண்டு எந்த வரியால் சண்டை வந்தது என்று பார்த்து, அந்த வரியை மட்டும் திருத்தி மறுபடி மாட்ட வேண்டியிருக்கும்.